மேட்டுப்பாளையம் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும்: நாள்தோறும் கோவைக்குப் போய் வருவோர் கேட்கும் கேள்விகள்

சிறுமுகை, தேக்கம்பட்டி, கல்லாறு, காரமடை ஆகிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் கோவைக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய் வருபவர்கள் பலர், ரயிலை ஒரு வழியாகவும் பேருந்தை இன்னொரு வழியாகவும் பிரித்துப் பார்த்தே பழகியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தின் ரயில் நிலையத்தையும் பஸ் ஸ்டாண்டையும் ஒரே நிலையத்தின் இரண்டு வாசல்களாகக் கருதி, காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் தேவைக்கேற்பப் பயன்படுத்தினால் நேரமும் பணமும் மிச்சமாகும் என்பதே இந்தப் பக்கத்தை எழுதக் காரணம். ரயில், பேருந்து நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் அவற்றை இங்கே தரவில்லை. மாறாத விதிகளும் வழிகளும்தான் கீழே உள்ளன.

ரயில் நிலையத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

நடந்தே போகும் தூரம்தான். கையில் பெரிய மூட்டை இல்லாதவர் ஆட்டோவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் சிறுமுகைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து ரயிலைப் பிடிக்க வேண்டியவர், பேருந்து ஸ்டாண்டுக்குள் நுழையும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல், தான் இறங்கி நடைமேடைக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஊட்டி சாலையில் காலை நெரிசல் தொடங்கிவிட்டால் பேருந்து ஸ்டாண்டுக்குள் திரும்புவதற்கே சில நிமிடங்கள் ஆகிவிடுகின்றன. டிக்கெட் எடுக்கும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேர இடைவெளி வைத்துக்கொண்டால் ஓட வேண்டிய நிலை வராது.

கோவைக்குப் போக ரயில் நல்லதா, பேருந்து நல்லதா?

இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. நீங்கள் கோவையில் எங்கே போகிறீர்கள் என்பதும் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

ரயில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தூரத்தை முக்கால் மணி நேரம் சொச்சத்தில் கடந்துவிடுகிறது. அதே தூரத்தைப் பேருந்து காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம் என்று ஒவ்வோர் ஊரின் நெரிசலையும் தாண்டித்தான் கடக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு மேல் துடியலூரிலிருந்து நகரத்துக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்த ஓட்டுநராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளி, கல்லூரி, ஆலை, மருத்துவமனை எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குவதால் அந்தச் சாலை அந்த நேரத்தில் நிரம்பி வழிகிறது. ரயிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே, குறித்த நேரத்தில் வருகைப் பதிவு செய்ய வேண்டியவர்களுக்குக் காலையில் ரயிலே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

மாலையில் நிலைமை வேறு. ரயில் புறப்படும் நேரம் ஒன்று, உங்கள் வேலை முடியும் நேரம் ஒன்று. அரை மணி நேரம் தாமதமாகிவிட்டால் அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடலாம். பேருந்து அப்படியல்ல, ஒன்றை விட்டால் அடுத்தது சற்று நேரத்தில் வந்துவிடும். காலையில் ரயிலில் போய் மாலையில் பேருந்தில் திரும்புபவர்கள் இந்த வழித்தடத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது மிகச் சரியான காரியம்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கோ துடியலூருக்கோ போகிறவர்கள் மட்டும் இரண்டையும் நன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பேருந்து நிறுத்தம் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால், இறங்கியவுடன் ஆலை வாசலுக்கோ கல்லூரி வாசலுக்கோ போய்விடலாம். ரயிலில் போனால் நிலையத்திலிருந்து சாலைக்கு நடந்து வர வேண்டும். குறுகிய தூரத்தில் ரயில் மிச்சப்படுத்தும் நேரம் அந்த நடையில் கரைந்துவிடும்.

வடகோவையில் இறங்குவதா, கோவை ஜங்ஷனில் இறங்குவதா?

நாள்தோறும் போகிறவர்கள் கூடச் சரியாக யோசிக்காமல் விட்டுவிடும் விஷயம் இது. ரயில் முதலில் வடகோவைக்கு வந்து, பிறகுதான் ஜங்ஷனுக்குப் போகிறது. காந்திபுரம், சித்தாபுதூர், கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு, சிவானந்தா காலனி, சாய்பாபா காலனி பக்கம் வேலை உள்ளவர்கள் வடகோவையில் இறங்குவதே முறை. ஜங்ஷன் வரை போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறி மறுபடியும் வடக்கே திரும்பி வருவது, வந்த வழியிலேயே காசு கொடுத்துத் திரும்பிப் போவதற்குச் சமம்.

ஜங்ஷனில் இறங்க வேண்டியவர்கள் யார்? மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், தலைமைத் தபால் நிலையம் ஆகிய மூன்றும் ரயில் நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன. திருச்சி சாலையில் உள்ள கோவை அரசு மருத்துவமனையும் அருகில்தான். உடல்நலம் குன்றியவரை அழைத்துச் செல்வோர் பேருந்தில் நெடுநேரம் குலுங்கிக்கொண்டு போவதைக் காட்டிலும் ரயிலில் போய் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் போவது அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். டவுன்ஹால், உக்கடம் பக்கம் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஜங்ஷன்தான் வசதி. ஸ்டேட் பேங்க் ரோடு பக்கம் உள்ள முன்வாசலைத் தவிர, கூட்ஸ் ஷெட் ரோடு பக்கமும் ஒரு வாசல் இருப்பதை மறக்க வேண்டாம். மேற்குப் பக்கம் போகிறவர்கள் அதன் வழியாக வெளியேறினால் சுற்றல் குறையும்.

கோவையில் இறங்கிய பிறகு வேறு ஊர்களுக்குப் பேருந்து மாற வேண்டும். எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போவது?

கோவையில் எல்லா ஊர்ப் பேருந்துகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு போகிறவர்கள் உக்கடம் போக வேண்டும். இவர்கள் ஜங்ஷனில் இறங்கினால் போதும். திருச்சி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களுக்குச் சிங்காநல்லூர். திருப்பூர், ஈரோடு, சேலம், கோபி, சத்தியமங்கலம் போகிறவர்களுக்குக் காந்திபுரம். இவர்கள் வடகோவையிலேயே இறங்கிக்கொள்ளலாம். கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் போகிறவர்கள் கோவைக்கே வர வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே சத்தியமங்கலத்துக்குப் பேருந்து இருக்கிறது.

எதிர்த்திசையில், கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் திரும்ப, காந்திபுரத்திலும் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள புதிய பஸ் ஸ்டாண்டிலும் பேருந்து கிடைக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலிலேயே போக முடியுமா?

முடியும், ஆனால் வண்டி மாற வேண்டும். மேட்டுப்பாளையம் பாதையும், பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர் வழியாகத் திருப்பூருக்குப் போகும் பாதையும் வடகோவையில்தான் பிரிகின்றன. இரண்டு பாதைகளும் ஜங்ஷனுக்கு வடக்கே பிரிவதால்தான், மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்குப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஜங்ஷன் வரை தெற்கே வந்து, அங்கே எஞ்சினைத் திருப்பிப் பூட்டிக்கொண்டு, வந்த வழியிலேயே வடகோவை வரை திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

நீங்கள் போகும் திருப்பூர் வண்டி வடகோவையில் நிற்குமானால் அங்கேயே மாறிக்கொள்வது சிறந்தது. பல விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை என்பதால், வண்டி எண்ணைக் கொண்டு நிறுத்தங்களைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அவிநாசி வழியாகச் செல்லும் நேரடிப் பேருந்து இதைவிட எளிது என்று பலர் கருதுகிறார்கள். திருப்பூரில் உங்கள் கம்பெனி அவிநாசி சாலைப் பக்கம் இருந்தால் அவர்கள் சொல்வதே சரி.

முன்பதிவில்லா டிக்கெட்டை எப்படி எடுப்பது?

கவுன்ட்டரில் எடுக்கலாம், தானியங்கி இயந்திரம் உள்ள நிலையங்களில் அதிலும் எடுக்கலாம், கைப்பேசியிலும் எடுக்கலாம். கைப்பேசியில் முன்பு யுடிஎஸ் செயலி மட்டுமே இருந்தது. 2025 ஜூலை 1 அன்று ரயில்ஒன் என்ற செயலி வெளியிடப்பட்டு, முன்பதிவு டிக்கெட்டையும் முன்பதிவில்லா டிக்கெட்டையும் ஒரே இடத்தில் எடுக்கும் வசதி வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை சில. தாளில்லா டிக்கெட்டை நிலையத்துக்கு வரும் வழியிலேயே எடுத்துவிட வேண்டும். நடைமேடையிலோ வண்டிக்குள்ளோ நின்றுகொண்டு எடுக்க முயன்றால் செயலி அனுமதிக்காது. பரிசோதகர் வரும்போது முறைகேடாக அவசர அவசரமாக எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நிலையத்துக்குள் வந்துவிட்டவர்கள் அங்கே ஒட்டப்பட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்தலாம். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவீர்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

199 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு எடுக்கும் முன்பதிவில்லா டிக்கெட், எடுத்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்குவதற்கே செல்லும். காலையில் போகும்போதே மாலைக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது செல்லாது.

கட்டணம் ஏன் சில ஆண்டுகள் கூடியிருந்து பிறகு குறைந்தது?

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, அவை சிறப்பு வண்டி என்றும் எக்ஸ்பிரஸ் என்றும் பெயரிடப்பட்டு, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காரமடையிலிருந்து துடியலூருக்குப் போகும் ஒருவர் மூன்று மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் பழைய சாதாரணக் கட்டணமே திரும்ப வந்தது. அந்த இடைக்காலத்தில் ரயிலை விட்டுப் பேருந்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் மாறியவர்களில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சீசன் டிக்கெட் எடுப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா?

வாரத்தில் ஐந்து நாள் போகிறவருக்கு நிச்சயமாக உண்டு. இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டின் விலை, ஏறத்தாழ பதினைந்து ஒருவழிப் பயணங்களுக்கான கட்டணம்தான். மாதத்தில் இருபது நாள் போய் வந்தால் நாற்பது பயணங்கள் ஆகின்றன. காலையில் மட்டும் ரயிலில் போய் மாலையில் பேருந்தில் திரும்புகிறவருக்குக் கூட, இருபது பயணங்களுக்குப் பதினைந்து பயணங்களின் விலை என்ற அளவில் சீசன் டிக்கெட் லாபமே. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாத விலையைப் போல் 2.7 மடங்கு செலுத்தினால் போதும். பணம் மட்டுமல்ல, நாள்தோறும் கவுன்ட்டர் வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்கு விலை போட முடியாது.

சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை வழங்கப்படுகிறது. செயலியில் எடுத்தால் அது மறுநாளிலிருந்தே செல்லுபடியாகும் என்பதால், பழையது முடியும் நாளன்றே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முடிந்த மறுநாள் காலையில் நடைமேடையில் நின்றுகொண்டு நினைவுக்கு வந்து பயனில்லை. அடையாள அட்டையைக் கூடவே வைத்திருங்கள். அது இல்லாமல் சீசன் டிக்கெட்டை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

மாணவர்களுக்கு என்ன சலுகை?

இந்தச் சலுகையைப் பெறத் தகுதியுள்ள குடும்பங்கள் பல, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே, மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் மாணவர்களுக்கு 12ஆம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே கட்டணமின்றி வழங்குகிறது. அதற்கு மேல் படிக்கும் மாணவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. பள்ளி அல்லது கல்லூரியில் உரிய படிவத்தில் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். சிறுமுகையில் கைத்தறி நெய்யும் ஒரு வீட்டின் பெண் கோவையில் பட்டப்படிப்பு படிக்கிறாள் என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து அவளுடைய ரயில் பயணத்துக்கு ஒரு ரூபாயும் ஆக வேண்டியதில்லை.

பேருந்தைப் பொறுத்தவரை, பள்ளி மாணவர்களுக்கும் அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பாஸ் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை.

சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நீலகிரி எக்ஸ்பிரசில் ஏறலாமா?

முன்பதிவுப் பெட்டிகளில் ஏறக் கூடாது. அது அதிவிரைவு வண்டி என்பதால், சாதாரண பாசஞ்சர் கட்டணத்தில் எடுத்த சீசன் டிக்கெட் அதற்குப் போதாது. அதிவிரைவு வண்டிக்குரிய கூடுதல் கட்டணத்தையும் செலுத்தியிருக்க வேண்டும். இரவு முழுவதும் பயணம் செய்து காலையில் அசந்து உறங்கிக்கொண்டிருப்பவர்களின் படுக்கையில் போய் உட்காருவது முறையும் அல்ல.

பேருந்தில் பெண்களுக்கு எப்போது கட்டணம் இல்லை?

2021 மே மாதத்திலிருந்து, அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் உதவியாளருக்கும் இது பொருந்தும். நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொங்கு நாட்டில் தனியார் பேருந்துகள் மிகுதி. அவற்றில் இந்தச் சலுகை கிடையாது. புறநகர்ப் பேருந்துகளிலும் கிடையாது. முன்கண்ணாடியில் உள்ள பலகையைப் பார்த்துவிட்டு ஏறுவது நல்லது. ஏறிய பிறகு நடத்துநரோடு வாக்குவாதம் செய்வதால் இருவருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வேலை. மலை ரயிலில் போய் வர முடியுமா?

முடியாது என்று சொல்வதே நேர்மையான பதில். நீலகிரி மலை ரயில் 1899இல் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1908இல் உதகை வரை நீட்டிக்கப்பட்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பதிந்து ஏறுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் வேறு எந்த வகையிலும் வண்டி நிற்காது. இந்தக் காரணத்தால் குன்னூர் வரையிலான 28 கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்த ரயிலை விடுமுறை நாளில் குழந்தைகளோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வேலைக்குப் போவதற்கு அது ஏற்றதல்ல.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்துதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக இரண்டு சாலைகள் உண்டு: பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஒன்று, கோத்தகிரிக்கு இன்னொன்று. கோடை சீசனில் இவற்றை ஒருவழிப் பாதையாக்கி, குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவும் விடுவது வழக்கம். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் மலையிலிருந்து இறங்கிக் கோவை ரயிலைப் பிடிக்க நினைப்பவர்கள் வழக்கமான கணக்கை நம்ப வேண்டாம். நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ், சொந்த வாகனத்திலும் வாடகை வாகனத்திலும் போகிறவர்களுக்கானது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலைப்பாதையில் மண் சரிவதும் மரம் விழுவதும் வழக்கம். மலை ரயில் நாள்கணக்கில் நிறுத்தப்படும். குன்னூர் சாலை அடைபட்டால் பேருந்துகள் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடப்படும். கீழே கோவை ரயில் பெரும்பாலும் தடையின்றி ஓடும். கனமழை பெய்தால் கோவை நகரத்தில் லங்கா கார்னர் போன்ற ரயில்வே பாலங்களின் அடியில் தண்ணீர் தேங்கி டவுன் பஸ்கள் சுற்றிப் போவதால், மழை நாளில் ஜங்ஷனுக்குப் போக அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

இவ்வளவு பேர் பயணம் செய்யும் பாதையில் ரயில்கள் ஏன் அடிக்கடி இல்லை?

அடிப்படைக் காரணம், இது ஒற்றைப் பாதை என்பது. சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை 1862இல் போத்தனூரை அடைந்தபோது, கோவை நகரம் அந்தப் பாதையில் இல்லை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கிளைப் பாதை 1873இல் போடப்பட்ட பிறகே கோவைக்கு ரயில் நிலையம் கிடைத்தது. அன்றைக்கு அந்தக் கிளைப் பாதையின் நோக்கம் மலைக்குப் போகிறவர்களை அடிவாரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. காரமடையிலிருந்தும் துடியலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நகரத்துக்குப் போய் வருவார்கள் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

வடகோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே இன்றும் ஒரே தண்டவாளப் பாதைதான். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள், ஒதுங்க இடமுள்ள நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். நீலகிரி எக்ஸ்பிரசும், தூத்துக்குடி, திருநெல்வேலியிலிருந்து வரும் வண்டிகளும் இதே பாதையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு வண்டி தாமதமானால் அதற்குப் பின்னால் உள்ளவையும் தாமதமாகின்றன.

ஆனால் ஒற்றைப் பாதை என்பதை எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. பாதை மின்மயமாகிவிட்டது. இங்கே ஓடும் மெமு என்ற மின்சாரப் பயணிகள் வண்டிக்கு இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் பூட்ட வேண்டிய வேலை இல்லை. சில நிமிடங்களில் திரும்பிப் புறப்பட்டுவிடலாம். இரண்டாவது பாதை வரும் வரை காத்திருக்காமல், காலையில் நகரத்துக்குப் போகும் நேரத்திலும் மாலையில் திரும்பும் நேரத்திலும் ஒவ்வொரு வண்டி கூடுதலாக விட்டாலே பெரிய மாறுதல் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

இருசக்கர வாகனத்தை எங்கே நிறுத்துவது?

காலையில் ரயில், மாலையில் பேருந்து என்று போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துவது நல்லது. காலையில் வெளிச்சத்தில் ரயில் நிலையம் வரை நடப்பது எளிது. இரவில் களைத்துப் போய்ப் பேருந்தை விட்டு இறங்கும்போது வண்டி அருகில் இருக்க வேண்டும். ஸ்டாண்டு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் தனியாகத் திரும்பும் பெண்களுக்கு என்ன பாதுகாப்பு?

ரயிலில் உள்ள மகளிர் பெட்டியில் ஆண்கள் ஏறுவது சட்டப்படி குற்றம். எந்தத் தொந்தரவு ஏற்பட்டாலும் 139 என்ற எண்ணை அழைக்கலாம். பாதுகாப்புக்குத் தனியாக இருந்த 182 என்ற எண் 2021இல் இதனுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ரயிலுக்கு வெளியே 181, 112 ஆகிய எண்கள் உள்ளன. கூட்டம் குறைந்த கடைசி வண்டியில், பெட்டி வெறிச்சோடியிருந்தால் ஆள் உள்ள பெட்டிக்கு மாறிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

கறிவேப்பிலைக் கட்டு, காய்கறி மூட்டை கொண்டு போகலாமா?

ரயிலில் இரண்டாம் வகுப்புப் பயணி ஒருவர் 35 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு போகலாம். வாசலை அடைக்காமல் வைக்க வேண்டும். பேருந்தில் நடத்துநர் சொல்லும் சுமைக் கட்டணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலை நெரிசல் நேரத்தில் மூட்டையோடு ஏறுவது உங்களுக்கும் சிரமம், நின்றுகொண்டு வருபவர்களுக்கும் சிரமம்.

அவசரத்துக்குத் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால் என்ன?

கடக்க வேண்டாம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கக் கூடிய குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மின்சார வண்டி டீசல் வண்டியைப் போல் இரைந்துகொண்டு வருவதில்லை. காதில் கைப்பேசியோடு கடக்கும் இளைஞர்களிடம் வீட்டில் உள்ள பெரியவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ரயில் நேரத்தையும் பேருந்து நேரத்தையும் இணைக்க வேண்டும் என்று யாரிடம் கேட்பது?

இந்தக் கோரிக்கை பல ஆண்டுகளாக நிறைவேறாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அது பாதியாக மட்டுமே கேட்கப்படுவது. ரயில் நேரமும் நிறுத்தமும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தின் பொறுப்பு. 2007 நவம்பர் 1 அன்று அந்தக் கோட்டம் உருவாகும் வரை பாலக்காடு கோட்டம் இதைக் கவனித்து வந்தது. அரசுப் பேருந்தின் நேரம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைக் கோட்டத்துடையது. தனியார் பேருந்தின் நேரத்தைப் போக்குவரத்துத் துறை அனுமதியோடு சேர்த்தே குறிக்கிறது. மூன்றும் மூன்று அலுவலகங்கள். ஒருவருக்கு எழுதினால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

ஆகவே ஒரே மனுவை மூன்று இடங்களுக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதன் நகலைக் கொடுத்துப் பதிவு எண் பெற்றுக்கொள்ளுங்கள். மூன்று துறைகளையும் ஒரே மேசைக்கு அழைத்துப் பேசும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கே இருக்கிறது. சேலம் கோட்டத்தின் பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு நகல் அனுப்பலாம்.

மனுவில் பொதுவாகக் கூடுதல் வசதி வேண்டும் என்று எழுதாதீர்கள். எந்த ரயில் எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது, சிறுமுகைக்கோ தேக்கம்பட்டிக்கோ போகும் பேருந்து அதற்கு எத்தனை நிமிடம் முன்னால் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிடுகிறது, அதனால் அந்த ஊர்க்காரர்கள் அடுத்த பேருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று வரிசையாக எழுதி, அந்தப் பேருந்தின் புறப்பாட்டை எத்தனை நிமிடம் தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். புதிய பேருந்தோ புதிய ஓட்டுநரோ தேவைப்படாத மாற்றம் இது. கையொப்பமிடுபவர்கள் தங்கள் பெயரோடு ஏறும் ஊரையும் இறங்கும் ஊரையும் எழுதினால், எந்த வழித்தடத்தில் எத்தனை பேருக்குத் தேவை என்பது அதிகாரிக்கு மனுவிலிருந்தே தெரிந்துவிடும்.